119 சென்டிமீட்டரும் நாலு புளியங்கொட்டையும்: லீவு டூருக்கு வீட்லயே செஞ்ச விளையாட்டு சாமான்

எங்க வீட்டு பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி அஞ்சடி பிவிசி பைப்பு ஒண்ணு சாஞ்சு நிக்குது. வீட்டுக்கு வர்றவங்க ஏதோ பிளம்பிங் வேல பாதில நிக்குதுன்னு நெனச்சுக்கறாங்க. அது பிளம்பிங் இல்லைங்க, போன மே மாச லீவுல கொச்சி வொண்டர்லா தீம் பார்க்குக்குப் போறதுக்கு முன்னாடி நான் பண்ணின உயரக் குச்சி. அதோட சேத்து இன்னும் மூணு நாலு சாமான் வீட்லயே பண்ணினோம், சிலது நல்லா வந்துச்சு, சிலது சொதப்பிருச்சு, சொதப்பினத எப்படி சரி பண்ணினேன்னும் சேத்து எழுதி வெச்சுக்கலாம்னு உக்காந்திருக்கேன், அடுத்த லீவுக்கு எனக்கே தேவைப்படும்.

ஏன் இவ்ளோ மெனக்கெட்டேன்னா, ரெண்டு வருசம் முன்னாடி வேற ஒரு பார்க்குக்குப் போயிருந்தோம். ரைடு ஒண்ணரை நிமிஷம், அதுக்கு வரிசை நாப்பது நிமிஷம். ஃபோன் லாக்கர்ல. பெரியவ சின்னவன கிள்ள, சின்னவன் அவ சடைய இழுக்க, எங்க அம்மா ரெண்டு பேரையும் திட்ட, என்ற வீட்டுக்காரம்மா என்னைய மொறைக்க, அப்படியே சாயங்காலம் ஆயிருச்சு. போதாக்குறைக்கு சின்னவன ஒரு ரைடு வாசல்ல உயரம் பத்தலைன்னு நிறுத்திட்டாங்க, அங்கயே தரைல உக்காந்து அழுதான். திரும்பி வரும்போது யோசிச்சேன், காசு குடுத்து வாங்கற ரைடுக்கு நாம ஒண்ணும் தயாராக வேண்டியதில்ல, அது பாட்டுக்கு சுத்தும். தயாராக வேண்டியது ரெண்டே விஷயத்துக்கு, ஒண்ணு காத்திருக்கறது, இன்னொண்ணு உயரம்.

மொதல்ல பைப்பு.

ஒரு இன்ச் பிவிசி பைப்பு அஞ்சடி, ஒரு எண்டு கேப்பு, ஒரு டீ, அதாவது T எழுத்து மாதிரி இருக்கற பைப்பு ஜாயின்ட்டு. ஹார்டுவேர் கடைக்குப் போறப்ப "டீ வாங்கிட்டு வரேன்"னு சொல்லிப்போட்டு போயிட்டேன், எங்கம்மா அரை மணி நேரம் டம்ளர எடுத்து வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க, அது வேற கதை. ஐடியா என்னன்னா பைப்புல சென்டிமீட்டர் கோடு போட்டு, மேல டீய சொருகி, அது மேலயும் கீழயும் நழுவற மாதிரி பண்ணிட்டா, டீயோட கை தலைல போய் தொடும், டாக்டர் வீட்ல இருக்கற மாதிரியே. ஆனா அதே சைஸ் டீ பைப்புல நழுவாது, உள்ள பைப்பு நிக்கறதுக்குன்னு ஒரு வரம்பு இருக்கும். பெரிய சைஸ் டீ போட்டா லொட லொடன்னு ஆடுது, ஆடினா அளவு தப்பும். நமக்கு மோட்டார் கம்பெனில ஃபிட்டர் வேல, அரத்துக்கு வீட்ல பஞ்சமில்ல, அரைவட்ட அரத்த வெச்சு உள்வரம்ப ராவி எடுத்து, எமரி தாள் போட்டு தேச்சு, கடைசியா கொஞ்சம் தேங்காண்ணெய் தடவினதும் வழுக்கிட்டு எறங்குச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இதுக்கே போச்சு.

தப்பு எங்க பண்ணினேன்னா, கோடெல்லாம் போட்டு முடிச்ச பெறகு அடில எண்டு கேப்ப மாட்டினேன், தரை கீறக்கூடாதுன்னு. கேப்போட அடி கனம் 4 மில்லிமீட்டர். அப்ப எல்லா கோடும் 4 மில்லி மேல ஏறிருச்சு, புள்ளைங்க 4 மில்லி குட்டையாயிட்டாங்க. சுவத்துல பென்சில்ல போட்டிருந்த பழைய கோட்டோட ஒத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. தின்னர் வெச்சு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு, கேப்ப மாட்டின நெலையிலயே தரைலருந்து திரும்ப அளந்து கோடு போட்டேன். 120க்கு பச்சை டேப்பு, 140க்கு சிவப்பு டேப்பு. ரைடுக்கு ரைடு உயரக் கணக்கு வேற வேற, கெளம்பறதுக்கு முன்னாடி அந்தந்த பார்க் வெப்சைட்டுல பாத்துக்கங்க. எங்க சின்னவன் வீடியோல பாத்து மனசுல வெச்சிருந்த ரைடுக்கு 120 வேணும்.

அளந்தோம். செருப்பு கழட்டி, குதிகால் சுவத்துல ஒட்டி, மோவாயத் தூக்காம. 118.5.

எங்கம்மா உடனே, "ஏப்பா, அடி கனமா ஒரு ஷூ வாங்கிக் குடுத்துட்டா ஆச்சு"ன்னாங்க. அது மட்டும் ஆகாதும்மான்னு சொன்னேன், அந்த உயரம் சும்மா வெக்கறதில்ல, நெஞ்சுக்கும் தொடைக்கும் வந்து அமுக்கற கம்பி அந்த உடம்பு அளவுக்குத்தான் கணக்குப் பண்ணியிருப்பாங்க, ஷூ போட்டா உசரம் கூடும், உடம்பு கூடுமா. அதோட நிறுத்தியிருக்கலாம். நான் பெரிய அறிவாளி மாதிரி இன்னொண்ணையும் சேத்து சொல்லிட்டேன், காலைல எந்திரிச்சதும் எல்லாருமே ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் உசரமா இருப்போம், பகல்லாம் நின்னு நடந்து முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு அமுங்கி ராத்திரிக்கு குறைஞ்சுருவோம்னு. சின்னவன் கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு ஆச்சு. அடுத்த நாள் காலைல ஆறு மணிக்கு பல்லு கூட வெளக்காம பைப்போட வந்து நிக்கறான். 119.4. அன்னைலருந்து கெளம்பற நாள் வரைக்கும் தெனம் காலைல அளவு. இதோட வெனை பின்னாடி வரும்.

ரெண்டாவது ரயில் தம்போலா. கோயமுத்தூர்லருந்து பார்க்குக்கு நாங்க எறங்கற ஆலுவா ஸ்டேஷன் நாலு மணி நேரம் வெச்சுக்கங்க, நாலு மணி நேரமும் ஜன்னல்ல பாக்கறதுக்கு ஏதாச்சும் வேணும். நம்பர் தம்போலா சீட்டுல மூணு வரி, வரிக்கு அஞ்சு நம்பர், மொத்தம் 15 இருக்குமில்ல, அதே கணக்குல நம்பருக்கு பதிலா 15 படம். மதுக்கரை சிமென்ட் வண்டி, வாளையார் மலை, ரயிலுக்கு கொடி காட்றவர், பாலக்காட்டு பனைமரம், பாரதப்புழா பாலம், சர்ச்சு, மஞ்ச ஸ்டேஷன் போர்டு இப்படி. யானையும் போட்டேன். வாளையார் காட்டுக்குள்ள தண்டவாளத்துல யானை அடிபடறது அந்தப் பக்கம் பழைய சோகம், 2024ல தமிழ்நாடு வனத்துறை மதுக்கரைப் பக்கம் டவர் கட்டி கேமரா வெச்சு யானை கிட்ட வந்தா மொதல்லயே தெரிஞ்சுக்கற ஏற்பாடு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதனால யானை பாத்தாலும் சரி, அந்த கேமரா டவர பாத்தாலும் சரி, அந்தக் கட்டம் அடிச்சுக்கலாம்னு ரூல்.

அட்டைக்கு என்ன பண்றதுன்னு வந்தப்பதான் வீட்டுக்காரம்மா பரண்லருந்து ஒரு பை நெறைய கல்யாணப் பத்திரிகைய எடுத்துப் போட்டாங்க. தூக்கிப்போட மனசு வராம சேத்து வெச்சது, சாமி படம் இருக்கறத எப்படி குப்பைல போடறதுன்னு. இப்ப வர்ற பத்திரிகைல உள்பக்கத்து அட்டை சும்மா கும்முனு இருக்குதுங்க, சார்ட்டு பேப்பரெல்லாம் கிட்ட நிக்காது. சாமி படத்த மட்டும் பதனமா வெட்டி எடுத்து வெச்சுட்டு மிச்சத்த சீட்டு சைஸ்ல வெட்டினோம். மூலைல தடவின மஞ்சக்கறை சிலதுல அப்படியே இருந்துச்சு, பெரியவ அந்த சீட்டுதான் ராசின்னு தனியா எடுத்து வெச்சுக்கிட்டா.

வெட்டினத லேமினேஷனுக்குக் குடுத்தேன், தண்ணில போற இடமாச்சே. மொத பேட்ச் மொத்தமும் வீணாப் போச்சு. மூணு காரணம், மூணும் கத்துக்க வேண்டியது. ஒண்ணு, தங்க கலர் ஃபாயில் போட்ட பத்திரிகைல லேமினேஷன் பிளாஸ்டிக் ஒட்ட மாட்டேங்குது, அங்கங்க குமிழ் வுட்டு எந்திரிச்சுருச்சு. ரெண்டு, நான் அட்டை ஓரத்துக்கு சரியா வெட்டிட்டேன், அழகா இருக்கட்டும்னு. அட்டைக்கு வெளிய ரெண்டு பக்கத்து பிளாஸ்டிக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கற அந்த ஓரம்தான் சீலு, அத வெட்டிட்டா வாய் தொறந்த கவர் மாதிரி ஆயிருது, தண்ணி உள்ள போயிரும். மூணாவது, வளையம் மாட்ட பஞ்ச் பண்ணின ஓட்டை. லேமினேஷன் பண்ணின பெறகு அட்டையோட சேத்து ஓட்டை போட்டா அந்த ஓட்டை வழியாவே ஈரம் ஏறும். பக்கெட் தண்ணில அஞ்சு நிமிஷம் போட்டு டெஸ்ட் பண்ணினேன், ஓட்டையச் சுத்தி அட்டை அப்பளம் ஊறின மாதிரி உப்பிருச்சு.

ரெண்டாவது பேட்ச்ல மாத்தினது இதுதான். ஃபாயில் இல்லாத பக்கமா பாத்து வெட்டி, லேமினேஷனுக்கு முன்னாடியே அட்டைல பெரிய ஓட்டை போட்டுக்கிட்டேன், லேமினேஷன் ஆனதும் அந்த ஓட்டைக்கு நடுவுல பிளாஸ்டிக்ல மட்டும் சின்ன ஓட்டை, சுத்தியும் சீலு அப்படியே இருக்கும். ஓரத்துல 4 மில்லி விட்டு வெட்டி, மூலைய மழுக்கிட்டேன், இல்லைன்னா கண்ணுல குத்திருவாங்க. அரை நாள் பக்கெட்ல கெடந்துச்சு, ஒரு சொட்டு உள்ள போகல. ஆன்லைன்ல வாட்டர்ப்ரூஃப்னு வாங்கின பையில ஃபோன் வெக்கறதுக்கு முன்னாடி டிஷ்யூ பேப்பர வெச்சு அதே பக்கெட்ல முக்கிப் பாத்தேன், ரெண்டே நிமிஷத்துல டிஷ்யூ நனைஞ்சுருச்சு. புதுசா பை வாங்கற யாரா இருந்தாலும் மொதல்ல டிஷ்யூ, பெறகு ஃபோன்.

அடிக்கறதுக்கு மொதல்ல ஒயிட்போர்டு மார்க்கர் வெச்சேன், கை வேர்வைக்கே அழிஞ்சுருது, "நான் அடிச்சேன்", "நீ அடிக்கல"ன்னு சண்டை. அப்பறம் சீடில எழுதற பெர்மனென்ட் மார்க்கர். லேமினேஷன் மேல அது நல்லா நிக்குது, அழிக்கணும்னா சானிடைசர் ரெண்டு சொட்டு போட்டு துணில துடைச்சா போயிருது. கொரோனா காலத்துல வாங்கிக் குமிச்ச சானிடைசருக்கு இப்பதான் ஒரு வழி பொறந்துச்சு.

மூணாவது பரமபதம். இதுதான் எங்க வீட்ல சூப்பர் ஹிட். 60 கட்டம் ஒரு சார்ட்டுல. கடையில விக்கற பரமபத படத்துல பாம்பு கடிச்சா கீழ வந்துருவோம், புண்ணியம் பண்ணினா ஏணில ஏறுவோம், எங்களுது டூர் பரமபதம், அதனால பாம்பெல்லாம் டூர்ல பண்ற தப்பு. 47ல பெரிய பாம்பு, "காட்டன் டிரெஸ் எடுத்துட்டு வந்தாச்சு", நேரா 6க்கு. 33ல "வரிசைல தள்ளினது". 52ல "வயிறு முட்ட பிரியாணி சாப்ட்டு ரைடு ஏறினது", அந்தப் பாம்போட வாயிலருந்து என்ன வருதுன்னு பெரியவ விவரமா வரைஞ்சிருக்கா, நான் சொல்ல மாட்டேன். ஏணி, "கேக்காமயே பாத்ரூம் போயிட்டு வந்தது", "தம்பிக்கு ஜன்னல் சீட் விட்டது", "அப்பத்தா மாத்திரைய ஞாபகப்படுத்தினது".

விளையாட்டா எழுதினதுதான், ஆனா மூட்டை கட்டற அன்னைக்கு பாத்தா யாரும் சொல்லாமயே பெரியவ ரெண்டு பேருக்கும் நைலான் டிரெஸ் எடுத்து வெச்சிருக்கா. தண்ணி ரைடுகள்ல காட்டன் போட்டா விடமாட்டாங்க, நைலான் இல்லைன்னா பாலியெஸ்டர்தான். காட்டன் தண்ணிய உறிஞ்சி கனத்துப் போகும், நூலும் பஞ்சும் பிரிஞ்சு ஃபில்டர்ல போய் அடைக்கும், சாயமும் போகும். இத நான் நாலு தடவ வாயால சொல்லி ஏறாதது ஒரு பாம்பு கடிச்சு ஏறிருச்சு.

காய் உருட்டறதுல ஒரு ரிப்பேர் வேல இருந்துச்சு. மொதல்ல வீட்ல இருந்த பித்தளை தாயக்கட்டை. தாயம் விழுந்தாதான் காய் எறங்கும்ங்கறது ரூல். ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம், ஒண்ணு வெறுமை, மத்தது ஒண்ணு ரெண்டு மூணு புள்ளி. மொத்தம் 16 விதமா விழலாம், அதுல தாயம் ரெண்டே விதம். எட்டுக்கு ஒண்ணு. சின்னவனுக்கு பதினோரு தடவ போட்டும் விழல, கட்டைய தூக்கி வீசிட்டு போயிட்டான். அதுவும் இல்லாம ரயில்ல கட்டை உருண்டு பெர்த்துக்கு அடில போயிட்டா யார் தேடறது.

அப்பதான் எங்கம்மா புளி கொட்டை எடுத்துட்டு இருந்தாங்க, ரயிலுக்கு புளிசாதம் கட்டறதுக்கு. "ஏன் சாமி, இது இருக்க எதுக்கு கட்டை"ன்னு நாலு கொட்டைய எடுத்து பேரங்கிட்ட குடுத்தாங்க. வாசப்படி சிமென்ட் தரைல ஒரு பக்கத்த மட்டும் தேக்கணும். கருப்புத் தோல் போய் கொஞ்சம் காப்பிக் கலரு, அப்பறம் வெள்ளை. ஒரு கொட்டைக்கு அஞ்சு நிமிஷம் ஆவுது, வெரலு வலிக்குது, கொட்டை சூடாயிருது. சூடானதும் என்ன பண்ணணும்னு புள்ளைங்களுக்கு யாரும் சொல்லித் தரல, பெரியவ தேச்ச கையோட சின்னவன் தொடைல வெச்சுட்டா. ரத்தத்துலயே இருக்கும் போல. அவன் திருப்பி வெக்க, நானும் வாங்கினேன் ஒண்ணு, முப்பது வருசம் கழிச்சு அதே சுருக்கு.

நாலு கொட்டை, எத்தன வெள்ளை மேல விழுதோ அத்தன கட்டம், நாலும் கருப்பா விழுந்தா எட்டு. எனக்கு ஒரு சந்தேகம், தேச்ச பக்கம் தட்டையா இருக்கு, அது தரைல படிஞ்சுதானே உக்காரும்? 100 தடவ போட்டு நோட்டுல கோடு போட்டேன். மொத்தம் 400 விழுகை, வெள்ளை மேல வந்தது 152தான். பாதிக்குப் பாதி விழுந்திருந்தா நூத்துக்கு ஆறு தடவதான் எட்டு வரணும், எங்களுக்கு 15 தடவ வந்துச்சு. தப்பா இருக்கேன்னு தேச்சத சரி பண்ணப் போனேன், அம்மா கைய புடிச்சுட்டாங்க, "எட்டு வந்தாத்தான்டா வெளையாட ஆசையா இருக்கும்". யோசிச்சா அதுவும் சரி. தாயமும் மூணு தடவைக்கு ஒரு தடவ வந்துருது, யாரும் அழ வேண்டியதில்ல. ராவறத நிறுத்திட்டேன். ரயில்ல டிபன் பாக்ஸ் மூடிக்குள்ள போட்டு குலுக்கிக்கலாம், சத்தமும் வராது.

நாலாவது வரிசை ரிகர்சல். இத கேட்டா சிரிப்பீங்க. ஹால்ல நாலு சேர போட்டு, அம்மாவோட பழைய சேலைய கயிறு மாதிரி கட்டி, பார்க்குல இருக்கற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வரிசை. கடைசில ஊஞ்சல். ரெண்டு நிமிஷம் ஊஞ்சலுக்கு இருபது நிமிஷம் நிக்கணும், நான் ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு விசில் ஊதற ஆளு. மொத நாள் ஆறாவது நிமிஷத்துல சண்டை. ரெண்டாவது நாளும் அதே கதை, ஏழாவது நிமிஷத்துல. கவனிச்சுப் பாத்ததுல கை வெறுங்கையா இருக்கறப்பவும், பின்னாடி நிக்கறவனுக்கு பேசறதுக்கு ஒண்ணும் இல்லாதப்பவும்தான் ஆரம்பிக்குது. அதனால ரெண்டு மாத்தம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கடைசில நிக்கறவங்கதான் என்ன விளையாட்டுன்னு முடிவு பண்ணணும். இன்னொண்ணு எல்லார் கையிலயும் வளையத்துல கோத்த சீட்டு, அந்த கல்யாணப் பத்திரிகை லேமினேஷன்தான், ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன் ஒரு பக்கம், மறுபக்கம் விடுகதை.

இதுல நான் சேத்தது சிலை விளையாட்டு. ஸ்கூல் படிக்கறப்ப மெட்ராஸ் டூர் கூட்டிட்டுப் போனாங்க, ஈசிஆர்ல விஜிபி கோல்டன் பீச். அங்க ராஜா காலத்து காவக்காரர் மாதிரி டிரெஸ் போட்டு ஒருத்தர் அசையாம நிப்பாரு, சிலை மனிதர். எங்க பஸ்ஸே இறங்கி அவர் முன்னாடி நின்னு கொரங்கு சேட்டை எல்லாம் பண்ணிச்சு, மனுசன் கண்ணு இமை கூட... இமை ஆடிச்சோ என்னமோ, சிரிக்கல. அத வீட்ல சொன்னேன். ஒருத்தர் சிலை, மத்தவங்க தொடாம சிரிக்க வெக்கணும். இதுல வரிசைல சும்மா நிக்கறதே விளையாட்டு ஆயிருது. ஆறாவது நாள் இருபது நிமிஷம் சண்டையில்லாம போச்சு, நடுவுல எங்கம்மாவே சேலைக்குள்ள வந்து நின்னுக்கிட்டாங்க.

பொம்ம ரூவாயும் பண்ணினோம், பார்க்குல ஆளுக்கு 300 ரூவாய்க்கு அட்டை டோக்கன், செலவு பண்ணாதது வீட்டுக்கு வந்தா டபுள்னு. இது தோல்வி. பெரியவ ஒரு ஐஸ் கூட வாங்காம கஞ்சமா சேத்து வெச்சு கடைசில என்கிட்ட 600 கறந்துட்டா, சின்னவன் உள்ள நுழைஞ்ச முக்கா மணி நேரத்துல காலி. விடுங்க.

கெளம்பினோம். ரயில் கதைல தம்போலா பத்தி ஒண்ணு மட்டும். மஞ்ச ஸ்டேஷன் போர்டுல கடல் மட்டத்துலருந்து எத்தன மீட்டர்னு எழுதியிருக்குமில்ல, அத யார் மொதல்ல படிக்கறாங்களோ அவங்களுக்கு கட்டம்னு சேத்திருந்தேன். கோயமுத்தூர் 400 மீட்டருக்கு மேல, பாலக்காடு நூறுக்குள்ள, ஆலுவா போனா சில மீட்டர்தான். எறங்கிட்டே போறத பாத்துட்டு சின்னவன் கேட்டான், "அப்பா, நாம கீழ போறோம்ல, அப்ப நான் உசரமாவனா?" எதுத்த சீட்டுல உக்காந்திருந்த பெரியவர் சிரிச்ச சிரிப்புல அவர் கையில இருந்த காப்பி அவர் வேட்டிலயே கொட்டிருச்சு. அடுத்த பஞ்சாயத்து பாரதப்புழா. மே மாசம், பாலத்துக்கு அடில ஒரே மணல், ஓரமா வாய்க்கா மாதிரி கொஞ்சம் தண்ணி. "இது ஆறே இல்ல, அடிக்க விடமாட்டேன்"னு பெரியவ. "நம்மூரு நொய்யல ஆறுன்னு சொல்றோமே, அதுக்கு இது தேவலை, அடி கண்ணு"ன்னு அப்பத்தா தீர்ப்பு சொல்லிட்டாங்க. யானையும் பாக்கல, டவர பாத்தேன்னு சின்னவன் சொன்னது செல்ஃபோன் டவர்னு எனக்கு சந்தேகம், ஃபுல் ஹவுஸ் குடுத்துட்டேன்.

புளிசாதத்த ரயில்லயே முடிச்சுக்கிட்டோம், வெளி சாப்பாடு பார்க் உள்ள விடமாட்டாங்க. ஆலுவால ராத்திரி தங்கி காலைல நேரத்துலயே போயிட்டோம், பள்ளிக்கரைல மேட்டு மேல இருக்கு. 2000ல ஆரம்பிச்சப்ப வீகாலேண்ட்னு பேரு, எங்க கம்பெனில பழைய ஆளுங்க இன்னும் அப்படித்தான் சொல்றாங்க, பெங்களூர்ல 2005ல வந்தது அடுத்தது.

வரிசை சாமான் உண்மையிலயே வேலைக்கு ஆனது மத்தியானம் மழை வந்தப்ப. கோடை மழை, இடி. வெளில இருக்கற ரைடெல்லாம் நிறுத்திட்டாங்க, நாங்க பாதி வரிசைல கூரைக்கு அடில மாட்டிக்கிட்டோம், "இடி போகட்டே"ன்னு ஆபரேட்டர் பையன் சொல்லிட்டு உக்காந்துட்டான். சுத்தி எல்லா புள்ளைங்களும் அழுவுது. எங்க ரெண்டும் சீட்ட எடுத்து ராஜா ராணி ஆரம்பிச்சுது, ஆளு பத்தலைன்னு முன்னாடி நின்ன மலப்புறத்து குடும்பத்துல ரெண்டு புள்ளைங்கள சேத்துக்கிச்சுங்க. தமிழும் மலையாளமும் கலந்து திருடன் எவன்னு கண்டுபிடிக்க ஒரே ரகளை. சீட்டு மேல மழைத் தண்ணி வழியுது, ஓரம் ஒண்ணும் உப்பல. நாப்பது நிமிஷம். எனக்கு ரைடுல ஏறினத விட அந்த பக்கெட் டெஸ்ட் பாஸ் ஆனதுல சந்தோசம், வீட்டுக்காரம்மாகிட்ட மூணு தடவ சொல்லிட்டேன், "சரிங்க, சரிங்க"ன்னாங்க.

அப்பறம் அந்த 120.

அன்னைக்கு காலைல ரூம்ல சுவத்துல ஒட்டி டேப்புல அளந்தப்ப 119.6. பைப்ப ரயில்ல எடுத்துட்டு வரல. சின்னவன் நேரா அந்த ரைடுக்குத்தான் மொதல்ல போகணும்னான், காலைல போனாத்தான் உசரம்னு. நான்தான் வரிசை கம்மியா இருக்கற மத்தத முடிச்சுட்டு வரலாம்னு இழுத்துட்டுப் போனேன். மழையெல்லாம் விட்டு நாங்க அங்க போய் சேந்தப்ப மணி மூணு ஆச்சு. வாசல்ல நின்ன பொண்ணு உயர போர்டுகிட்ட நிக்க வெச்சு பாத்துட்டு தலைய ஆட்டிட்டாங்க. ஒரு சென்டிமீட்டர் கம்மி. அவங்க பண்ணினது சரி, நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். போன தடவ மாதிரி அவன் தரைல உக்காரல. என்னைய பாத்தான், "காலைலயே வந்திருக்கலாம்ப்பா"ன்னான், அவ்ளோதான். காலைல வந்திருந்தாலும் 119.6தான், 120 இல்லைன்னு எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும், ஆனாலும் அந்த காலைல கணக்க அவன் தலைல ஏத்தினது நான்தானே. எதுவும் சொல்லத் தோணல. பெரியவ 136, அவளுக்கு 120 தாராளம், அவ அந்த ரைடு ஏறாம அவங்கூட போய் அலை குளத்துல எறங்கிட்டா. ஏன்னு நான் கேக்கல, பரமபதத்துல ஏதோ ஏணி நெனப்பா இருக்கும்.

அடுத்த தடவைக்கு மாத்த வேண்டியத நோட்டுல எழுதியிருக்கேன். பைப்ப ரெண்டா வெட்டி நடுவுல கப்ளிங் போட்டா பையில வரும். சீட்டு வளையம் இரும்புல வாங்காதீங்க, ஒரே நாள்ல துரு, பிளாஸ்டிக் வளையம் போதும். தம்போலால செல்ஃபோன் டவருக்கு தனிக் கட்டம். லேமினேஷன், பைப்பு, மார்க்கர் எல்லாம் சேத்து 640 ரூவா ஆச்சு, புளியங்கொட்டை ஓசி.

பைப்புல புதுசா கோடு அவனே போட்டுக்கறான் இப்ப, தேதியோட. போன ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு 120.3. சாயங்காலம் ஒரு தடவ அளந்து பாக்கலாம் வாடான்னா கிட்டயே வர மாட்டேங்கறான்.